அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் ஒரே வியாதி

எதைக் கொடுத்தாலும் அக்கா இரண்டு கையாலும் வாங்குவாள். கையில் டீ டம்ளர் இருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் வாங்குவாள். போன வருடத்துக் காலண்டர், மூடி தொலைந்த டப்பா, நாளைக்கு ஊசிப்போகப் போகிற கேக், எதுவானாலும் அதே மரியாதைதான். வாங்கிக்கொண்டு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "சரி" என்பாள். அந்தச் சரியைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன்க்கா, வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு வாயே வராதா?" என்று கேட்பேன்.

"கொடுக்கவங்க மொகம் வாடிப்போவும்லா பிள்ள" என்பாள்.

அடுத்தவர் முகம் வாடக் கூடாது என்பதற்காகவே பிறந்தவள் மாதிரிதான் இருந்தாள். இத்தனைக்கும் அந்த முகங்கள் எதுவும் அவளைத் திரும்பிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில், லாரிப் புழுதி படிந்த மூன்று மாடிக் கட்டடம் எங்கள் ஆபீஸ். கப்பலேறுகிற சரக்குக்கும் இறங்குகிற சரக்குக்கும் சுங்கத்துறைக் காகிதங்களை முடித்துக் கொடுக்கிற கிளியரிங் ஏஜென்ட் தொழில். காகிதம் தட்டுகிறவள் நான். பெருக்கித் துடைத்து டீ போடுகிறவள் அக்கா. முதலாளி சாத்தான்குளம் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் அறை தரைத்தளத்தில் இருந்தது. டீ போடுகிற இடமோ மூன்றாம் மாடியில், மொட்டைமாடிப் படிக்குக் கீழே. அக்கா கடற்கரைக்காரி, மாதா கோயில் மணிக்குள் வளர்ந்தவள், அந்த இடத்தைக் குசினி என்பாள். அடுப்பு மேலே, குடிக்கிற ஆள் கீழே. லிஃப்ட் கிடையாது. யார் எப்போது அப்படி வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் மாற்றவும் இல்லை.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கதையில் கோபப்படுவது ரொம்பச் சுலபமாகப் போய்விடும். அக்காவின் மகளை ஆலந்தலையில் கட்டிக் கொடுத்தபோது பந்தலுக்கும் சமையலுக்கும் ஆன செலவை அவர்தான் ஏற்றுக்கொண்டார். அவளை ஒரு நாளும் அதட்டிப் பேசியதில்லை. கையில் எது மிஞ்சினாலும் அவளைத்தான் முதலில் நினைப்பார்.

அதுதான் வினையே. தீபாவளிக்கும் வருடப் பிறப்புக்கும் சரக்கு அனுப்புகிற பார்ட்டிகள் இனிப்புப் பெட்டி கொடுத்தனுப்புவார்கள். அண்ணாச்சி அறையில் ஆள் உட்கார இடமில்லாமல் பெட்டி அடுக்கியிருக்கும். லட்டு, முந்திரிக் கேக், மக்ரூன், வெள்ளிச் சரிகைத் தாள் ஒட்டிய ஏதேதோ வடநாட்டுப் பலகாரம். ஆபீஸில் பாதிப் பேருக்குச் சுகர். மீதிப் பேர் சுகர் வந்துவிடுமோ என்று பயந்தவர்கள். ஆளுக்கு ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, "இதை அக்காவுக்குக் கொடுத்திருவோம்" என்பார்கள். வீட்டில் குவிந்ததையும் டப்பாவில் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் உண்டு. எதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவே பயந்தார்களோ, அதைத்தான் அவளுக்குப் பிரியமாகக் கொடுத்தார்கள். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. குப்பையில் போடுவதுதான் பாவம் என்று நினைத்தார்கள்.

அக்கா அத்தனையையும் இரண்டு பைகளில் சுமந்துகொண்டு அவள் குடியிருக்கும் பக்கத்து ஊரான புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறுவாள். அந்த வாரம் முழுவதும் அவள் வீட்டில் உலை வைக்க மாட்டாள்.

"ராத்திரி என்னக்கா சாப்பிட்டீங்க?"

"லட்டு இருந்துச்சு. தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துட்டேன். ஒத்தை ஆளுக்கு என்னத்தச் சமைக்க?"

"அது சாப்பாடாக்கா?"

"வயிறு நெறைஞ்சிருதுல்லா. கேஸும் மிச்சம்."

மற்ற நாட்களில் அவள் சாப்பாடு என்பது பெரும்பாலும் டீதான். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து பால் காய்ச்ச வேண்டும் என்பதால் காலையில் வீட்டில் எதுவும் தின்ன மாட்டாள். வந்ததும் ஒரு டம்ளர் நிறையச் சீனி போட்டு டீ. பதினொரு மணிக்குப் பசித்தால் இன்னொன்று. மத்தியானம் தூக்குவாளியில் ரேஷன் அரிசிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். நல்ல மீன் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். இறாலும் கணவாயும் ஐஸில் படுத்துக் கண்டெய்னர் ஏறுவதற்கு நான்தான் தினமும் காகிதம் தட்டுகிறேன். கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்குக் கிடைத்தது உப்புக் கருவாடு. ஆள் மெலிவு என்றும் சொல்ல முடியாது, கைகால் எல்லாம் குச்சியாக, வயிறு மட்டும் முன்னே வந்திருக்கும். "அக்காவுக்கு நல்ல சாப்பாடு போல" என்று லாரி டிரைவர்கள் கேலி செய்வார்கள். அதற்கும் சிரித்துக்கொண்டு தலையைச் சாய்ப்பாள்.

ஒரு தடவை ஏதோ ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தார் ஆபீஸுக்கே வந்து எல்லோருக்கும் ஊசி குத்தினார்கள். கூடவே ஒரு டாக்டர் பெண். இடுப்பைச் சுற்றி நாடா வைத்து அளந்தாள், பிரஷர் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. சுகர், பிரஷர், கொழுப்பு, தொந்தி, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இருந்தது ஆபீஸிலேயே இரண்டு பேருக்குத்தான். ஒன்று அண்ணாச்சி. இன்னொன்று அக்கா.

"இதுக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம்னு பேரு" என்றாள் டாக்டர். "இது எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கை கோத்துக்கிட்டு வரும். இதயம், கிட்னி, கால், எல்லாத்தையும் பாத்துக்கணும்."

அக்காவுக்கு அந்த இங்கிலீஷ் பேர் பிடித்துப்போனது. பயப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ அன்று பூராவும் ஒரு மாதிரிப் பூரிப்போடு இருந்தாள். பஸ் கண்டக்டரிடம் சொன்னாள், தெருவில் மீன் கொண்டுவருகிறவளிடம் சொன்னாள், ஆலந்தலைக்குப் போன் போட்டு மகளிடமும் சொன்னாள்.

"எனக்கும் எங்க மொதலாளிக்கும் ஒரே வியாதி."

"இது என்னக்கா பெருமையா?" என்று கத்தினேன்.

"பணக்கார வியாதிம்பாங்கள்லா பிள்ள. நமக்கு வந்திருக்கு பாரு."

அந்த வியாதி இரண்டு உடம்பில் எப்படி நடந்துகொண்டது என்பதை அடுத்த ஒன்றரை வருடம் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அண்ணாச்சி கையில் காசு அளவுக்கு ஒரு வில்லை ஒட்டினார்கள். அது அவர் சீனி அளவை அவர் போனிலேயே காட்டியது. மதுரையிலிருந்து ஒரு அம்மா வீடியோவில் வந்து வாரா வாரம் சாப்பாடு சொன்னாள். காலையில் கடற்கரையில் நடை. மத்தியானம் சீலா மீன் அவித்தது, வெள்ளரிக்காய், சிறுதானியத் தோசை. சாப்பாட்டு நேரத்தில் யாரும் அவரைப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. அவர் மெலிந்தார், முகம் தெளிந்தது. "கட்டுப்பாடுதாம்மா வேணும், வேற ஒண்ணுமில்ல" என்று எங்களிடம் சொல்ல ஆரம்பித்தார்.

அக்காவுக்கும் எல்லோரும் கட்டுப்பாட்டைச் சொன்னார்கள். கணக்கர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். டாக்டர் பெண் நாலு வேளையாகப் பிரித்துச் சாப்பிடச் சொன்னாள். ஒரு வேளைக்கே அவள் உட்கார்வதை நான் பார்த்ததில்லை. கீழே வந்திருக்கும் பார்ட்டிக்கு டீ என்று மணி அடித்தால், வாயில் வைத்த கவளத்தோடு எழுந்துவிடுவாள். அண்ணாச்சி, "தினமும் நடளா" என்றார். மூன்று மாடியை நாளெல்லாம் ஏறி இறங்குகிறவளிடம். அவள் அதற்கும் "சரி" என்றாள்.

சும்மா இருக்க முடியாமல் நானும் என் பங்குக்குக் கேழ்வரகு மாவு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். ஒரு வாரம் கழித்து, "நல்லா இருந்துச்சு பிள்ள, கருப்பட்டியத் தட்டிப் போட்டு, தேங்காயத் துருவிப் போட்டு, களி மாதிரிக் கிண்டினேன்" என்றாள். தெருவில் நாலு வீட்டுக்கும் கொடுத்தாளாம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடம் அழுகையாக வந்தது. அவளோடு சண்டை போடவும் முடியாது. சண்டைக்கு எதிராளி வேண்டுமே. அவளுக்கு எதிர்த்துப் பேசவே தெரியாது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை சும்மாவே கொடுத்தார்கள். ஆனால் அங்கே சுகருக்குப் பார்ப்பது காலையில். வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, மறுபடி ரத்தம் கொடுத்து, மாத்திரை வாங்கி முடிக்க மத்தியானம் ஆகிவிடும். அந்த நேரத்தில் ஆபீஸில் பால் காய வேண்டும். முதல் மூன்று மாதம் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனாள். அப்புறம் போவதை நிறுத்திவிட்டாள். நான் கேட்டபோது, "மாத்திரை இருக்கு பிள்ள" என்றாள்.

எங்கிருந்து என்று அப்போது தெரியவில்லை. ஒரு நாள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் டீத் தட்டோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. ஓடிப்போய்ச் சீனியை அள்ளி வாயில் போட்டேன். தெளிந்த பிறகு அவள் பையைத் திறந்து பார்த்தால், அட்டை அட்டையாக அண்ணாச்சியின் மாத்திரை. டாக்டர் மாற்றி எழுதும்போதெல்லாம் மிச்சமான பழைய அட்டைகளை அவர் அவளிடம் கொடுத்திருக்கிறார். ஒரே வியாதிதானே. இவளும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கியிருக்கிறாள்.

"வெறும் வயித்தில இதைப் போட்டா செத்துப் போவீங்கக்கா."

"வெலை கூடின மாத்திரை பிள்ள. ஆஸ்பத்திரியில தாரது மாதிரி இல்ல. அண்ணாச்சிக்கு நல்லாக் கேட்டுச்சுல்லா?"

நான் நேரே கீழே போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் பதறிப்போனார். "அய்யோ, நல்லதுன்னுல்லா கொடுத்தேன்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அதன் பிறகு மாத்திரை கொடுப்பது நின்றது. சொல்லிவைத்தாற்போல் அடுத்த மாதம் அவர் ஒரு ஜோடி சூ கொடுத்தார்.

அது நடைப் பயிற்சிக்கென்றே வாங்கிய விலை கூடிய சூ. போட்ட நாலாம் நாளே அவருக்குக் கட்டை விரல் பக்கம் கடித்துக் கொப்புளம் வந்துவிட்டது. சுகர்காரர்களுக்குக் கால்தான் கண் என்று அவருடைய டாக்டர் பயமுறுத்த, தினமும் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து மருந்து கட்டினாள். அளவெடுத்து வேறு சூ செய்தார்கள். இரண்டு வாரத்தில் புண் ஆறியது. கடித்த சூ புத்தம் புதிதாக அப்படியே இருந்தது. அதைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வருமா?

அக்கா காலுக்கு அது பெரிது. முன்னால் துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு, சேலைக்குக் கீழே வெள்ளை சூ பளபளக்க அவள் படியேறி வந்ததைப் பார்த்து ஆபீஸே சிரித்தது. எனக்கும் சிரிப்புத்தான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள், "பஞ்சு மேல நடக்க மாதிரி இருக்கு பிள்ள. வெலை கூடினதுன்னா கூடினதுதான்."

பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருந்தது சூவினால் இல்லை. அவள் பாதத்துக்கு உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது. சுகர் முற்றினால் அப்படித்தான் இருக்குமாம், பின்னால் டாக்டர் சொன்னார். அதே இடத்தில் அதே சூ அவளையும் கடித்திருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் குசினியில் ஏதோ நாற்றம் அடிக்கிறது என்று எலி செத்துக் கிடக்கிறதா என நான் தேடினேன். அவளும் என்னோடு சேர்ந்து அடுப்புக்குக் கீழே குனிந்து தேடினாள். கடைசியில் அவள் சூவைக் கழற்றச் சொல்லிப் பார்த்தபோது, அடைத்திருந்த துணி கறுத்து விரலோடு ஒட்டிக் கிடந்தது.

அன்றைக்கே ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆலந்தலையிலிருந்து மகளும் வந்து சேர்ந்தாள். மறுநாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார். விரல்களோடு பாதி பாதத்தை இப்போதே எடுத்துவிட்டால் உயிருக்கு ஒன்றும் இல்லை. தள்ளிப்போட்டால் விஷம் மேலே ஏறும், அப்புறம் யார் கையிலும் இல்லை.

மகள் அழுதாள். அக்கா அழவில்லை. "எடுத்தா மாடி ஏறலாமா சார்?" என்று கேட்டாள்.

"மாடி எல்லாம் கஷ்டம்மா. உக்காந்து செய்யற வேலைன்னா செய்யலாம்."

அவள் என் கையைப் பிடித்தாள். "ஏளா, அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேளு. அடுப்பை மட்டும் கீழ எறக்கிக் கொடுத்தாருன்னா நான் உக்காந்துகிட்டே டீ போட்டுருவேன். பெருக்கதுக்கு வேற ஆளப் போட்டுக்கிடட்டும். அத மட்டும் கேட்டுட்டு வா. கையெழுத்துப் போட்டுருதேன்."

அத்தனை வருடத்தில் அவள் யாரிடமாவது கேட்ட ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரே சத்தம். கண்டெய்னர் ஒன்று துறைமுக வாசலில் மாட்டிக்கொண்டிருந்தது, கப்பல் கிளம்ப நேரமாகிவிட்டது. நான் விஷயத்தைச் சொன்னேன். காலை எடுக்க வேண்டும் என்பதையும், அடுப்பைக் கீழே வைக்க முடியுமா என்பதையும், அதற்குத்தான் காத்திருக்கிறாள் என்பதையும் இரண்டு தடவை சொன்னேன்.

"அவளை மொதல்ல ஒடம்பப் பாக்கச் சொல்லும்மா" என்றார் அண்ணாச்சி. "மத்ததெல்லாம் அப்புறம் பாப்போம். ஏலே, அந்தச் சீல் நம்பரப் பாருலே." போன் வைக்கப்பட்டுவிட்டது.

நான் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு, "சரின்னுட்டாங்கக்கா. அடுப்பக் கீழ எறக்கிருவாங்களாம்" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் முகத்தை மட்டுமே பார்த்துப் பிழைத்தவளிடம் என் நடிப்பு எடுபடுமா? என் கையை மெதுவாக விட்டுவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம் சார்" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயால் நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். மகள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். டாக்டர் கோபப்பட்டார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். லட்டுக்கு வேண்டாம் சொல்லத் தெரியாது, மாத்திரைக்குத் தெரியாது, சூவுக்குத் தெரியாது, உயிரைக் காப்பாற்றுகிறேன் என்பவனிடம் மட்டும் வேண்டாமா என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவளோ தன் பொறுப்பில் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள். தட்டை நாங்கள் வாங்கிக்கொண்டு போனோம், அதுவரைக்கும்தான் எங்களால் முடிந்தது. அண்ணாச்சி பார்த்துவிட்டு, "லீவு எடுளா, ஒடம்பு முக்கியம்" என்றார். லீவுக்குச் சம்பளம் கிடையாது என்பது அவர் போட்ட சட்டம் இல்லை, எப்போதும் அப்படித்தான். பத்துப் பதினைந்து நாள் வந்தாள். அப்புறம் காய்ச்சல் கண்டது. மகள் மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். கண் விழிக்கவில்லை.

புதுக்கோட்டையில் அவள் வாடகை வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. கோயிலுக்கு எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அண்ணாச்சியின் கார் வந்தது. பெரிய மாலை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை, நிஜமான கண்ணீர். வெளியே வந்து பந்தலுக்குக் கீழே நின்றவர் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

"கட்டுப்பாடா இருந்திருந்தா என்னை மாதிரி நடமாடிக்கிட்டு இருந்திருப்பா" என்றார். "காலை எடுக்கச் சொல்லியும் மாட்டேன்னுட்டாளாமே. வேலை போயிரும்னு பயந்தாளோ என்னவோ. ஏம்மா, ஒரு அடுப்பைக் கீழ எறக்கி வைக்க எவ்வளவு நேரம் ஆவும்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா செஞ்சிருக்க மாட்டேனா?"

"கேட்டோம் அண்ணாச்சி" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார்.

"எப்போ?" என்றார்.